பல்கலைக்கழகத்திற் கற்பித்தல்: சான்றிதழும் அங்கீகாரமும்

இலங்கையிலே ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியர் பயிற்சி பெற்றவராய் இருத்தல் வேண்டும் என்பது நெடுங்காலமாக எவராலும் மறுக்கப்படாத கொள்கையாகும். கோப்பாய், பலாலி, அட்டாளைச்சேனை முதலாம் இடங்களில் இயங்கிய ஆசிரிய கலாசாலைகளும், 1980களின் நடுப்பகுதி தொடக்கம் எழுந்த கல்வியியற் கல்லூரிகளும் இக்கொள்கையின் வழிவந்தவையே. பாடசாலைக்கு நியமனம் பெறும் பட்டதாரியுங்கூடக் காலப்போக்கிற் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் பெற்றுக்கொள்ளல் வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. ஆயின் அதே பட்டதாரி, சிறப்புத் தேர்விலே முதல் வகுப்பிற் சித்தியெய்தி, பயின்ற பல்கலைக்கழகத்துக்கே விரிவுரையாளராகத் திரும்புவாராயின், அடுத்த திங்கட்கிழமையே நூற்றைம்பது மாணவர் முன்னிலையில் ஏறி நிற்கலாம். நேற்றுவரை பின்வரிசையிலிருந்து குறிப்பு எழுதியவர் இன்று முன்னின்று குறிப்புச் சொல்கிறார். இடையில் நிகழ்ந்தது ஒரு நேர்முகப் பரீட்சை மாத்திரமே.

இக்குறை நீங்கிவிட்டது என்பர் நிர்வாகத்தினர். அவர்கள் கூற்றுக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1997இல் கொழும்புப் பல்கலைக்கழகத்திலே பணியாளர் விருத்தி நிலையம் நிறுவப்பட்டது. உயர்கல்வியிற் கற்பித்தலுக்கென அது நடாத்திய சான்றிதழ்ப் பாடநெறி, பிரித்தானியாவின் பணியாளர், கல்வி விருத்திச் சங்கத்தின் ஏற்புடைமையையும் பெற்றது. ஏனைய பல்கலைக்கழகங்களும் அவ்வழியைப் பின்பற்றின. தகுதிகாண் விரிவுரையாளர் பதவியில் உறுதிப்படுத்தப்படுவதற்கு இத்தகைய பயிற்சி நிபந்தனையாகப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினால் விதிக்கப்பட்டது. இவையாவும் உண்மையே. சான்றிதழ் வந்துவிட்டது. கற்பித்தல் அங்கீகரிக்கப்பட்டதா என்பதுதான் வினா. அங்கீகரிக்கப்படவில்லை என்பது மட்டுமன்று, சான்றிதழ் இருப்பதையே காரணமாகக் காட்டி, கற்பித்தலைக் கவனியாது விட்டுவிடுவதற்குப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வசதியும் ஏற்பட்டுள்ளது.

இவ்விடயத்தில் இரு தரப்பினரின் வாதங்கள் ஆராயத்தக்கன. முதலாவது, மூத்த பேராசிரியர் சிலரின் வாதம்: 'பாடம் தெரிந்தவனுக்குக் கற்பிக்கவும் தெரியும், பல்கலைக்கழக மாணவன் குழந்தையல்லன், நல்ல ஆய்வாளனே நல்ல ஆசிரியன்.' கேட்பதற்குக் கம்பீரமான இக்கூற்று, சோதிக்கப்படாதவரை மாத்திரம் கம்பீரமாயிருப்பது. ஹற்றி, மார்ஷ் என்னும் இருவர் 1996இல் வெளியிட்ட ஆய்வொன்று, அதுவரை செய்யப்பட்ட 58 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. விரிவுரையாளரின் ஆய்வு வளத்துக்கும் கற்பித்தற் சிறப்புக்கும் இடையே அவர்கள் கண்ட இணைவுக் குணகம் 0.06. புள்ளிவிபரம் பயின்றோர்க்கு இதன் பொருள் விளங்கும்: இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்றே சொல்லிவிடலாம். நல்ல ஆய்வாளன் கெட்ட ஆசிரியன் என்பது இதன் கருத்தன்று. ஒன்று இருப்பதைக் கொண்டு மற்றையதும் இருக்கும் என ஊகிப்பதற்கு நியாயம் இல்லை என்பதே கருத்து. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக 1943இல் அமர்ந்த சுவாமி விபுலாநந்தர் கொழும்பில் ஆசிரிய பயிற்சி பெற்றவர். பாடசாலைகளிலே விஞ்ஞானம் கற்பித்தவர். பயிற்சி புலமைக்கு இழுக்கு என எண்ணுவோர் இதனையாவது நினைவிற் கொள்வது நன்று.

இரண்டாவது தரப்பினர் சான்றிதழை நம்புவோர். இவர்களது நிலைப்பாட்டை ஆராயுமுன், தமிழ்மொழி மூலம் கற்பிக்கப்படும் விரிவுரை மண்டபங்களில் உண்மையில் நடப்பது யாது என்பதைச் சற்று வரலாற்றோடு நோக்குதல் அவசியம். சான்றிதழ்ப் பாடநெறிகள் தொடாது செல்லும் இடம் அதுவே.

1960ஆம் ஆண்டளவில் கலைப்பீடங்களிலே சுயமொழி போதனை தொடங்கிற்று. மாணவர் தமிழிற் பயின்று வந்தனர். நூல்களோ ஆங்கிலத்தில் இருந்தன. அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளையும் மொழிபெயர்ப்பு நூல்களையும் வெளியிட்டதாயினும், ஒரு சிறப்புப் பட்ட மாணவனின் தேவைக்கு அவை எம்மட்டு? ஆகவே விரிவுரையாளர் இரவிலே ஆங்கில நூலைப் படித்து, சாரத்தைத் தமிழாக்கி, காலையிலே வகுப்பிற் சொன்னார். மாணவர் எழுதினர். அன்று குறிப்புச் சொல்லுதல் சோம்பலன்று. அது ஒரு நூலாக்கப் பணி. அச்சேறாத பாடநூல் ஒன்றை விரிவுரையாளர் கிழமைதோறும் வாய்மொழியாக வெளியிட்டார் எனலாம். பின்னாளில் நிலைபெற்ற கலைச்சொற்கள் பல அவ்வாறு மேடையில் நின்றவாறே ஆக்கப்பட்டவை. அத்தலைமுறையினரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது நன்றிகேடாகும்.

தேவை மாறிய பின்னரும் வழக்கம் மாறவில்லை என்பதே குற்றச்சாட்டு. எழுதப்பட்ட குறிப்பு அடுத்த அணி மாணவரின் கைக்குச் சென்றது. போட்டோப்பிரதி இயந்திரம் வந்ததும் அது வளாக வாயிலருகே உள்ள கடையில் விலைபோயிற்று. கணினி வந்ததும் அதே குறிப்பு பவர்பொயின்ற் காட்சியாயிற்று. 2020இல் பெருந்தொற்று வந்தபோது அக்காட்சி மாணவரின் கைத்தொலைபேசித் திரைக்குக் குடிபெயர்ந்தது. கரும்பலகை போயிற்று, வெண்பலகை போயிற்று, ஒளித்திரை வந்தது. மாணவன் செய்யும் வேலை மாத்திரம் மாறவேயில்லை. சொன்னதை எழுதுகிறான். எழுதியதை மனனம் செய்கிறான். மனனம் செய்ததை விடைத்தாளில் ஒப்புவிக்கிறான். நன்கு ஒப்புவிப்பவன் முதல் வகுப்புப் பெறுகிறான். முதல் வகுப்புப் பெற்றவனே விரிவுரையாளனாகிறான். அவனுக்குத் தெரிந்த கற்பித்தல் முறை, அவன் வெற்றிபெற்ற முறைதானே! இவ்வாறு குறைபாடு தன்னைத்தானே மறுபிரதி செய்துகொள்கிறது. மாணவரைக் 'கரண்டியாற் பருக்குகிறோம்' என்று குறைகூறும் விரிவுரையாளர்கள், கரண்டியைப் பிடித்திருப்பது எவர் என்பதை வினவுவதில்லை.

ஓர் உதாரணம் நோக்குவோர்க்கு நிலைமை தெளிவாகும். பொருளியல் முதலாம் வருட மாணவன் 'கேள்வி நெகிழ்ச்சி' என்னும் கருத்தைப் பயில்கிறான். இலங்கைத் தமிழிற் 'கேள்வி' என்பது பொருளியலில் ஒன்று, பேச்சில் இன்னொன்று. 'நெகிழ்ச்சி'யும் அவ்வாறே. மாணவன் வரைவிலக்கணத்தைப் பிழையின்றி எழுதுவான்; சூத்திரத்தையும் எழுதுவான். அரிசி விலை ஏறியபோது தன் வீட்டில் வாங்கும் அரிசி ஏன் அவ்வளவாகக் குறையவில்லை, அதே மாதத்தில் இறைச்சி வாங்குவது ஏன் நின்றது எனக் கேட்டால், அதற்கும் தான் எழுதிய வரைவிலக்கணத்துக்கும் தொடர்புண்டு என்றே அவனுக்குத் தோன்றாது. 2022இன் விலையேற்றத்தை ஒவ்வொரு மாணவனும் தன் வயிற்றால் அறிந்தவன். அவ்வறிவுக்கும் கலைச்சொல்லுக்கும் இடையே பாலமிடுவது எவருடைய வேலை? அதுவே கற்பித்தல். அதற்குப் பொருளியல் தெரிந்தால் மாத்திரம் போதாது. தமிழ் மாணவன் ஒருவன் அக்கலைச்சொல்லை எவ்வாறு தவறாக விளங்குவான் என்பதும் தெரிதல் வேண்டும். இத்தகைய அறிவு பாடந்தோறும் வேறுபடுவது. அனுபவமுள்ள விரிவுரையாளர் பலரிடம் சிதறிக் கிடப்பது. எங்கும் பதியப்படாமல் அவர்கள் ஓய்வுபெறும்போது அவர்களோடு சென்றுவிடுவது.

விஞ்ஞான, மருத்துவ, பொறியியற் பீடங்களில் இதே பிரச்சினை வேறு வடிவிலே உள்ளது. உயர்தரம்வரை தமிழில் இரசாயனம் பயின்றவன் அங்கே முதல் நாளிலிருந்து ஆங்கிலத்திற் கேட்கிறான். அவன் மௌனமாயிருப்பது விளங்காமையாலா, மொழியாலா என்று பிரித்தறியும் திறன் ஒரு விரிவுரையாளருக்கு இருப்பின், அது ஒரு சஞ்சிகைக் கட்டுரைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

இனிச் சான்றிதழுக்கு வருவோர், அதன் பாடத்திட்டத்தில் இவற்றைத் தேடினால் ஏமாற்றமடைவர். பாடநெறி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. எந்த மொழியில் விரிவுரை நிகழ்த்தப்படுகிறதோ அந்த மொழியின் வகுப்பறை அங்கே பேசுபொருளாவது அரிது. புளூம் 1956இல் வகுத்த கற்றல் நோக்கங்களின் பாகுபாடு கற்பிக்கப்படுகிறது. கற்றற் பேறுகளை எவ்வினைச்சொற்களைக் கொண்டு எழுதவேண்டும் எனச் சொல்லப்படுகிறது. மாணவர் மையக் கற்பித்தலின் மேன்மை, நீண்டதொரு விரிவுரை மூலம், அசையாது அமர்ந்திருக்கும் இளம் விரிவுரையாளருக்கு எடுத்துரைக்கப்படுகிறது. (இதிலுள்ள வேடிக்கையை எவரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.) 2003 முதல் உலக வங்கிக் கடனுதவியோடு ஒன்றன்பின் ஒன்றாக வந்த உயர்கல்விச் செயற்றிட்டங்கள் மூன்றும் இச்சொற்றொகுதியைப் பல்கலைக்கழகம் எங்கும் பரப்பின. இன்று எந்தப் பாட அலகின் விபரத்தாளை எடுத்தாலும் கற்றற் பேறுகள் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். வினாத்தாளை எடுத்தால் 'விளக்குக', 'சுருக்கமாகக் குறிப்பு வரைக' என்பவையே இருக்கும்.

இதனைக் கொண்டு பயிற்சியே வீண் என முடிவு செய்வது முதலாம் தரப்பினரின் வலையில் வீழ்வதாகும். பயிற்சி பயன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. கிப்ஸ், கொஃபி என்போர் 8 நாடுகளிலுள்ள 22 பல்கலைக்கழகங்களை உள்ளடக்கி 2004இல் வெளியிட்ட ஆய்விலே, பயிற்சி பெற்ற புதிய விரிவுரையாளர் மாணவரின் கற்றலை நோக்கித் தம் கவனத்தைத் திருப்பியமை காணப்பட்டது. பயிற்சி பெறாதோர் மாறாதிருந்தனர், அல்லது பின்னோக்கிச் சென்றனர். இப்பின்னைய செய்தியே கூடுதலான கவனத்துக்குரியது. புதிதாய் வரும் விரிவுரையாளர் ஆர்வத்தோடுதான் வருகிறார். தனித்து விடப்பட்டால், சூழ உள்ள துறையின் வழக்கம் அவரை விழுங்கிவிடுகிறது. எனவே பயிற்சி வேண்டும். ஆனால் பயிற்சி முடிந்து அவர் திரும்பிச் செல்வது எத்தகைய துறைக்கு என்பதையும் கேட்கவேண்டும். அத்துறையின் தலைவரோ மூத்த பேராசிரியர்களோ பயிற்சிக்கு உட்பட்டவரல்லர். இளையவர் மாத்திரம் குறைபாடுடையவர், மூத்தவர் பிறவியிலேயே ஆசிரியர் என்னும் எடுகோளின் மீதே முழு ஏற்பாடும் நிற்கிறது.

அங்கீகாரத்தின் இலட்சணம் பதவியுயர்வில் தெரியும். சிரேஷ்ட விரிவுரையாளர் பேராசிரியராக விண்ணப்பிக்கும்போது, அவரது ஆய்வுகள் துறைசார் நிபுணரின் மதிப்பீட்டுக்கு அனுப்பப்படுகின்றன. கற்பித்தலுக்கும் புள்ளித்திட்டத்தில் இடம் உண்டு என்பது மறுப்பதற்கில்லை. ஆயினும் அப்புள்ளிகள் எதற்கு வழங்கப்படுகின்றன? நடத்திய பாட அலகுகள், தயாரித்த கையேடுகள், மாணவர் நிரப்பிய படிவங்கள், துறைத்தலைவரின் கடிதம். ஆய்வை வாசித்து மதிப்பிடுகின்றனர். கற்பித்தலை எண்ணி மதிப்பிடுகின்றனர். பதினைந்து வருடம் கற்பித்த ஒருவரது வகுப்பிலே ஒரு மணி நேரமேனும் அமர்ந்து பார்த்தவர் தெரிவுக்குழுவில் எவரும் இருப்பதில்லை. ஆய்வுக்கெனச் சம்பளத்தோடு தனிப்படி உண்டு. திருத்திய பயிற்சிக் கட்டுரைகளுக்கு அவ்வாறான ஒன்றைக் கோரியவர் எவர்? 2012இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஆறு வீதம் கல்விக்கு ஒதுக்கப்படல் வேண்டும் எனப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மாதக்கணக்காகப் போராடியது. நியாயமான அக்கோரிக்கையை நாடே பேசியது. ஆயின் கற்பித்தலின் தரம் பற்றிப் பேசும் வேலையை, தொழிற்சங்கங்கள் அன்றும் இன்றும் நிர்வாகத்தினரிடமே விட்டுவைத்துள்ளன. தொழிலின் தகுதியைத் தொழிலாளர் வரையறுக்காவிடில், சுற்றுநிருபம் வரையறுக்கும்.

கொழும்புப் பாடநெறி தன் ஏற்புடைமையைப் பெற்ற நாட்டின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பிரித்தானியாவிலே சேர் ரொன் டியரிங் தலைமையிலான குழு 1997இல் சமர்ப்பித்த அறிக்கை, பல்கலைக்கழக ஆசிரியருக்கெனத் தொழில்சார் நிறுவகம் ஒன்று வேண்டும் என விதந்துரைத்தது. 1999இல் அந்நிறுவகம் தோன்றியது. 2004இல் அது உயர்கல்விக் கழகத்துள் அடங்கியது; 2018இல் அக்கழகமும் வேறிரு அமைப்புகளுடன் இணைந்து புதுப்பெயர் பூண்டது. 2006இல் வெளியிடப்பட்ட தொழில்சார் தராதரச் சட்டகம் 2011இலும் 2023இலும் திருத்தப்பட்டது. இணை உறுப்பினர் தொடக்கம் முதன்மை உறுப்பினர் வரை நான்கு படிகள். ஓர் இலட்சத்தைத் தாண்டிய உறுப்பினர் தொகை. இதிலே பாராட்டத்தக்க அம்சம் ஒன்றுண்டு. அங்கீகாரம் இளையவரோடு நின்றுவிடாது, மூத்தோருக்கும் துறையை வழிநடத்துவோருக்கும் உரிய படிகள் அங்கு உள்ளன. ஆயின் உறுப்புரிமை பெரும்பாலும் விண்ணப்பதாரி தம் கற்பித்தலைப் பற்றித் தாமே எழுதும் கூற்றினாலும் சகாக்களின் சான்றுரையாலும் வழங்கப்படுவது. நன்றாகக் கற்பிப்பது ஒரு திறன்; கற்பித்ததைப் பற்றி நன்றாக எழுதுவது வேறொரு திறன். பெயருக்குப் பின்னால் இடும் எழுத்துகள் பெருகியதனால் மட்டும் வகுப்பறைகள் மாறிவிட்டன என எவரும் துணிந்து கூறார். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் கற்பித்தலின் பயனுறுதியை வலியுறுத்த நேர்ந்ததும் இதனாலேயே போலும். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் அங்கிருந்து படிகளைப் பெறலாம். கோப்புகளைப் பெறத் தேவையில்லை. கோப்புகள் இங்கு ஏற்கெனவே போதிய அளவு உள.

அமெரிக்காவின் கார்னெகி நிறுவனத்துக்காக ஏணஸ்ற் போயர் 1990இல் எழுதிய நூல், கற்பித்தலும் புலமையின் ஒரு வகையே என வாதிட்டது. புலமை எனப்படுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அது சகபுலமையாளர் முன் வைக்கப்பட்டு, ஆராயப்பட்டு, பிறர்க்குப் பயன்படல் வேண்டும். இந்நிபந்தனையைக் கற்பித்தலுக்கும் பிரயோகித்தால் செய்யவேண்டியது எளிதிற் புலனாகும். விரிவுரை மண்டபத்தின் கதவு சகாக்களுக்குத் திறக்கப்படல் வேண்டும். ஒரு தவணையிலே ஒருவர் இரு சகாக்களின் வகுப்புகளில் அமர்வதும், தம் வகுப்பில் இருவரை அமர்த்துவதும் செலவற்ற காரியம். மூத்த பேராசிரியரிலிருந்தே இது தொடங்கல் வேண்டும். இளையவரிலிருந்து தொடங்கினால் அது சோதனையாகிவிடும். பதவியுயர்வின்போது ஆய்வை மதிப்பிட வெளிநிபுணர் அழைக்கப்படுவது போல, கற்பித்தலை நேரிற் கண்டு மதிப்பிடவும் அதே துறையைச் சார்ந்த, அதே மொழியிற் கற்பிக்கும் ஒருவர் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து அழைக்கப்படலாம். யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, கிழக்கு, தென்கிழக்கு, வவுனியா எனத் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் துறைகளையுடைய பல்கலைக்கழகங்கள் பல இருக்க, 'கேள்வி நெகிழ்ச்சி'யை மாணவன் எங்கே தவறவிடுகிறான் என்பதை ஒன்றுகூடி எழுதி வைக்க ஒரு தமிழ்ச் சஞ்சிகை இல்லாதிருப்பது விந்தையே. அத்தகைய குறிப்பொன்றுக்கு ஆய்வுக் கட்டுரைக்குரிய புள்ளி வழங்கப்படுமாயின், அதை எழுதக் கைகள் பல முன்வரும்.

இதற்கு எதிராக எழக்கூடிய ஆட்சேபம் கல்விச் சுதந்திரம் பற்றியது. விரிவுரையாளரின் வகுப்பிலே பிறர் வந்து அமர்வது கண்காணிப்பு ஆகாதா? இலங்கையின் அண்மைக்கால வரலாற்றிலே, குறிப்பாக வடக்குக் கிழக்குப் பல்கலைக்கழகங்களில், இவ்வச்சத்தை இலேசாக ஒதுக்கிவிட முடியாது. எவர் வருகிறார், எவர் அழைக்கிறார், எழுதியதை எவர் வைத்திருக்கிறார் என்பதில் ஆசிரியரே உரிமை கொண்டிருத்தல் வேண்டும். குறிப்பு துறைத்தலைவரின் இரகசியக் கோப்புக்குப் போகக்கூடாது. ஆயினும் சுதந்திரம் என்னும் சொல், அதிகாரிகளுக்கு எதிராக மட்டுமன்றி மாணவருக்கு எதிராகவும் பல வேளைகளிற் பயன்படுத்தப்பட்டுள்ளது. பத்து வருடப் பழைய குறிப்பை எவரும் காணாதிருக்கும் உரிமை கல்விச் சுதந்திரத்துள் அடங்காது.

இறுதியாக, சுற்றுநிருபங்களின் கண்ணுக்கே புலப்படாத ஒரு வகுப்பினர் உளர். தற்காலிக உதவி விரிவுரையாளரும் போதனாசிரியரும் வருகை விரிவுரையாளருமே அவர்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நிரந்தர ஆசிரியர் பலர் நாட்டை விட்டுச் செல்ல, வெற்றிடங்கள் நிரப்பப்படாதிருக்க, சிறுகுழு வகுப்புகளையும் பயிற்சிக் கட்டுரைகளையும் பெரும்பாலும் தாங்குபவர் இவர்களே. முதலாம் வருட மாணவன் தன் ஐயத்தை அஞ்சாமற் கேட்பதும் இவர்களிடமே. உறுதிப்படுத்துவதற்குப் பதவி இல்லாமையால் இவர்களுக்குச் சான்றிதழ்ப் பாடநெறி கட்டாயமில்லை; கட்டாயமில்லாமையால் இடமும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வருட முடிவில் ஒப்பந்தம் முடிய, அவர்கள் ஒரு வருடமாக மாணவரிடமிருந்து அறிந்துகொண்டவற்றை எவரும் கேட்டு வைத்துக்கொள்ளாமலே வாயிலைக் கடந்து செல்கின்றனர். அடுத்த வருடத்துக்கு வேறொருவர் நியமிக்கப்படுகிறார். அவரிடம் ஒப்படைக்கப்படுவது பழைய ஒளித்திரைக் கோப்பு ஒன்றே.